ரோபோ முகாமுக்காக அவசரப் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. மகள் கையில் ஸ்க்ரூடிரைவர் கிடைத்தால் போதும், வீட்டில் எதையாவது கழற்றிப் பார்ப்பாள். வரும் விடுமுறையில் இரண்டு வாரம் நடக்கும் ரோபோட்டிக்ஸ், கோடிங் முகாமில் சேர வேண்டும் என்கிறாள். கட்டணம் எங்கள் மூன்று மாதச் சேமிப்புக்குச் சமம். பத்து நாளுக்குள் முழுத்தொகை கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி, இல்லாவிட்டால் வட்டியில்லாமல் ஐந்து தவணை என்கிறார்கள். அவசரத்துக்கென்று வைத்திருக்கும் டெபாசிட்டை உடைக்கலாமா, தவணையில் கட்டலாமா? கணவர் இதை வீண் செலவு என்கிறார். தம்பியும் அக்காவோடு போவேன் என்று அடம்பிடிக்கிறான். என்ன செய்வது? (ஒரு வாசகி)

பதில்: டெபாசிட்டை உடைக்க வேண்டாம், தவணையும் வேண்டாம். ஆனால் இது வீண் செலவு என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நல்ல முகாமாக இருந்தால் உங்கள் மகளுக்கு அது பெரிய வாய்ப்பு. எந்தப் பணத்தில் போவது, எப்போது போவது, அது நல்ல முகாம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பவைதான் கேள்விகள்.

அவசர நிதி, வேலை போனால் அல்லது வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் குடும்பம் மூச்சுவிட ஆறு மாத அவகாசம் தருவதற்காக இருக்கிறது. விடுமுறை எப்போது வரும் என்று ஒரு வருடத்துக்கு முன்பே நமக்குத் தெரியும். தேதி தெரிந்த செலவுக்கு அவசர நிதியைத் தொடக்கூடாது. எத்தனை நல்ல செலவாக இருந்தாலும் இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இப்போது அந்த ‘வட்டியில்லாத’ தவணை. கட்டணத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுதாகக் கட்டினால் 90. தவணையில் இன்று 20, பிறகு மாதம் 20 வீதம் நான்கு முறை. அதாவது உண்மையான விலை 90. இன்று 20 கொடுத்துவிடுகிறீர்கள், மீதி 70-ஐத்தான் கடனாக வாங்குகிறீர்கள். அந்த 70-க்கு நான்கு மாதத்தில் 80 திருப்பிக் கொடுக்கிறீர்கள். கணக்குப் போட்டால் மாதம் ஏறத்தாழ ஐந்தரை சதவீத வட்டி, ஆண்டுக்கு 60 சதவீதத்துக்கு மேல். வட்டி என்ற சொல் மட்டும்தான் அதில் இல்லை. தள்ளுபடியும் தவணையும் ஒரே தாளில் அச்சாகியிருந்தால், அந்தத் தள்ளுபடிதான் தவணைக்கான வட்டி.

சரி, முகாம் அந்தப் பணத்துக்குத் தகுந்ததா? என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். என் மகனுக்குப் பத்து வயதானபோது இப்படி ஒரு முகாமுக்கு அனுப்பினேன். தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைத் தொடர்ந்து ஓடும் சின்ன வண்டியோடு வீட்டுக்கு வந்தான். சான்றிதழும் இருந்தது. பார்க்க அழகாக ஓடியது. மறுநாள் வேறு அறையில் வைத்தபோது வண்டி கோட்டை விட்டு விலகிச் சுவரில் போய் முட்டியது. “ஏன்டா திரும்பல?” என்று கேட்டேன். “தெரியலப்பா, புரோகிராம் சார் போட்டுக் கொடுத்தது” என்றான். அவன் செய்தது நான்கு திருகாணிகளை முடுக்கியது மட்டும்தான். அவனுடைய முகத்தில் இருந்த ஏமாற்றம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பணம் போனதைவிட, தன்னால் இது முடியாது என்று அவன் முடிவுகட்டியதுதான் எனக்கு வருத்தம். அதை மாற்ற ஒரு வருடம் ஆனது.

உண்மையில் அந்த வண்டி ஏன் வழி தவறியது என்பது ஒரு குழந்தை கண்டுபிடிக்கக்கூடிய விஷயம்தான். வண்டியின் அடியில் அகச்சிவப்பு சென்சார்கள் இருக்கும். வெள்ளைத் தரை அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்புக் கோடு விழுங்கிவிடும். திரும்பி வரும் ஒளி எவ்வளவு குறைந்தால் ‘இது கோடு’ என்று எடுத்துக்கொள்வது என ஓர் எண்ணை நிரலில் எழுத வேண்டும். அறையில் வெயில் விழுந்தால் அந்த எண் பொருந்தாமல் போய்விடும். பேட்டரியும் இப்படித்தான். காலையில் ‘ஒரு விநாடி திரும்பு’ என்றால் சரியாகச் செங்கோணத்தில் திரும்பிய வண்டி, பேட்டரி இறங்கிய பிறகு அதே ஒரு விநாடியில் பாதிதான் திரும்பும். நிரலில் பிழை தேடித் தேடிக் களைத்துப்போய், கடைசியில் பேட்டரியை மாற்றிப் பார்த்து ஒரு பிள்ளை துள்ளிக் குதிக்கும் அந்த நிமிடத்துக்குத்தான் நீங்கள் கட்டணம் கட்டுகிறீர்கள். 1967-இல் குழந்தைகளுக்கான லோகோ நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் இதை ‘ஹார்ட் ஃபன்’ என்பார். கஷ்டமாக இருந்தும் பிடிப்பது அல்ல, கஷ்டமாக இருப்பதாலேயே பிடித்துப்போவது.

ஆகவே முகாம்களை ஒப்பிடும்போது மொத்தக் கட்டணத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் பிள்ளையின் கையில் கருவி இருக்கும் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு முகாமில் நாளுக்கு ஆறு மணி நேரம், ஐந்து நாள், மொத்தம் 30 மணி என்று வைத்துக்கொள்வோம். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கிட் (ரோபோ செய்யும் பாகங்கள் அடங்கிய பெட்டி) என்றால், உங்கள் பிள்ளைக்கு வருவது 10 மணி. இன்னொன்றில் நாளுக்கு நான்கு மணி, மொத்தம் 20 மணி, ஆனால் ஆளுக்கொரு கிட். முதலாவதன் கட்டணம் 100 பங்கு, இரண்டாவது 70 பங்கு என்றால், ஒரு மணி நேரத்துக்கு முதலாவதில் 10 பங்கு, இரண்டாவதில் மூன்றரை. துண்டுப்பிரசுரத்தில் அதிக மணி நேரம் காட்டிய முகாம் இந்தக் கணக்கில் மூன்று மடங்கு விலை. மற்றவர் செய்வதைப் பார்த்தும் பேசியும் கற்பது உண்டு, குழுவாக வேலை செய்வதும் ஒரு பாடம்தான். ஆனால் மூன்று பேர் குழுவில் சத்தமாகப் பேசும் பிள்ளையிடம்தான் கீபோர்டு போய்ச்சேரும். உங்கள் மகள் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும்.

பயிற்றுநரிடம் நேரில் பேசுங்கள், அலுவலகத்தில் இருப்பவரிடம் அல்ல. நான் கேட்கச் சொல்வது முக்கியமாக ஒரு கேள்வி: “கடைசி நாளில் ஒரு பிள்ளையின் ரோபோ ஓடவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?” “அப்படி நடக்காது, எல்லோருடையதும் ஓடும்” என்றால் ஓட வைப்பது பயிற்றுநர்தான் என்று புரிந்துகொள்ளலாம். “ஓடாததையும் மேசையில் வைக்கச் சொல்வோம், என்ன முயன்றாய் என்று பெற்றோரிடம் சொல்லச் சொல்வோம்” என்றால் அங்கே யோசித்து நடத்துகிறார்கள். அப்புறம் பணம் பற்றிய கேள்விகள்: இடையில் காய்ச்சல் வந்து நின்றால் கட்டணம் திரும்புமா, எழுத்தில் தருவார்களா, கிட் வீட்டுக்கு வருமா, லேப்டாப் நாம் கொண்டுபோக வேண்டுமா. தொடக்கம், நடு, உயர் என்று மூன்று நிலைகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் சேர்த்து இப்போதே கட்டினால் மலிவு என்றால் மறுத்துவிடுங்கள். அடுத்த விடுமுறையில் அவள் மனம் எதில் இருக்குமோ, யார் கண்டது.

கிட்டை விலைக்கு வாங்கச் சொன்னால் கவனம். ஒரே நிறுவனத்தின் பாகங்களோடும் செயலியோடும் மட்டும் வேலை செய்யும் பெட்டிகள் விலை அதிகம், ஆயுள் அந்த நிறுவனத்தின் கையில். 1998-இல் வந்து உலகெங்கும் பிள்ளைகளைக் கவர்ந்த லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற ரோபோ கிட் வரிசையையே அந்த நிறுவனம் 2022 முடிவில் நிறுத்திக்கொண்டது. 2005-இல் இத்தாலியில் பிறந்த அர்டுயினோ போன்ற, நிரல் எழுதி இயக்கும் மின்னணுப் பலகைகளின் வடிவமைப்பு திறந்தது. யாரும் செய்யலாம் என்பதால் மலிவான மாற்றுகள் கிடைக்கின்றன, கெட்டுப்போன சென்சாரை மட்டும் தனியாக மாற்றலாம். வாங்குவதாக இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

உங்கள் கணவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிக்க எத்தனை ஆண்டு என்று தோராயமாகத் தெரியும். 8 சதவீதம் கிடைத்தால் ஒன்பது ஆண்டு. இன்று முகாமுக்குப் போகும் மூன்று மாதச் சேமிப்பு, மகளுக்கு 20 வயதாகும்போது இரண்டு மடங்காகி நின்றிருக்கும். கல்லூரி நாட்களில் அது சிறிய தொகை இல்லை. இதை மறைக்காமல் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அவள் ஆர்வம் உண்மையானதா என்று தெரியாமல் அந்தத் தொகையைச் செலவழிக்கத்தான் அவர் தயங்குகிறார் என்று நினைக்கிறேன். அதைச் செலவே இல்லாமல் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேப் 2007-இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச், கட்டளைக் கட்டைகளைத் திரையில் அடுக்கி விளையாட்டு செய்யும் நிரல்மொழி. முழுக்க இலவசம், 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது. பிபிசி 2016-இல் பிரிட்டன் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த மைக்ரோபிட் என்ற உள்ளங்கையளவுப் பலகையில் 25 சின்ன விளக்குகளும் இரண்டு பொத்தான்களும் அசைவை உணரும் சென்சாரும் உண்டு. பலகை கையில் இல்லாவிட்டாலும் மேக்கோட் தளத்தில் திரையிலேயே அதற்கு நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கலாம். டிங்கர்கேட் என்ற இணையதளத்தில் மின்சுற்றை வரைந்து, தப்பாக இணைத்தால் என்னாகும் என்று எதையும் எரிக்காமல் பார்க்கலாம். பிரிட்டனில் 2012-இல் தொடங்கிய கோட் கிளப் மன்றங்களைப் பல நாடுகளில் தன்னார்வலர்கள் இலவசமாக நடத்துகிறார்கள், உங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஒரு மாதம் மகளிடம் இவற்றை விட்டுப் பாருங்கள். என்ன செய்தாள் என்பதைவிட, வேலை செய்யாமல் போனபோது என்ன செய்தாள் என்று பாருங்கள். எழுந்து போய்விட்டு மாலையில் தானாகத் திரும்பி வந்து உட்கார்ந்தால், அவளுக்கு முகாம் வேண்டும். அவள் ஸ்க்ராட்சில் செய்த விளையாட்டில் பூனை சுவரைத் தாண்டி ஓடியதை உங்கள் கணவரையும் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். நான் சொல்லும் எந்தக் கணக்கையும்விட அது அவருக்கு நன்றாகப் புரியும்.

தம்பிக்கு எட்டு வயதுதான். இரண்டு கட்டணம் இந்த வருடம் வேண்டாம். ஸ்க்ராட்ச் அவனுக்குப் போதும், அதுவும் அக்கா சொல்லிக்கொடுத்தால் அவளுக்கும் நல்லது. அவன் முறை வரும் என்று ஒரு வயதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். சொன்னபடி செய்யுங்கள்.

இனி பணம். வரும் விடுமுறைக்குள் மாதச் சேமிப்பைத் தொடாமல், வேறு செலவுகளைக் குறைத்து இந்தத் தொகை சேராது என்றால், இந்த முறை விட்டுவிடுங்கள். 11 வயதில் போகாதவள் 12 வயதில் போவதால் எதையும் இழக்கமாட்டாள். பத்து நாள் கெடு அவர்களுடைய கெடு. அடுத்த பெரிய விடுமுறைக்குப் பத்து மாதம் இருக்கிறது என்றால், கட்டணத்தைப் பத்தாகப் பிரித்து ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போடுங்கள். மூன்று மாதச் சேமிப்பு பத்து மாதத்தில் என்றால் மாதச் சேமிப்பில் 30 சதவீதத்துக்குச் சமமான தொகை, அதைச் செலவுப் பக்கத்திலிருந்து எடுக்க முடியுமா என்று பாருங்கள். பாதிதான் முடிகிறது என்றால், பாதிக் கட்டணத்தில் ஒரு வார முகாம் தேடுங்கள். பல இடங்களில் கட்டணச் சலுகை இடங்கள் சில இருக்கும், கேட்டால்தான் சொல்வார்கள். கேட்கத் தயங்காதீர்கள்.

அந்தக் கணக்குக்கு மகளின் பெயரையே வையுங்கள், மாதாமாதம் எவ்வளவு சேர்ந்தது என்று அவளிடம் காட்டுங்கள். இதற்கிடையில் அந்தப் பயிற்றுநரிடம் பேசிவிட்டு, எத்தனை பிள்ளைக்கு ஒரு கிட், பணம் திரும்பும் விதி என்ன என்று எனக்கு எழுதுங்கள். மணிக் கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.