கேளுங்கோ சொல்லுறம்: சப்வே பாண்

கேள்வி: ரொரன்ரோவில இருந்து வந்த பெறாமகள், அங்க பேகர் கடையளை விட பாணுக்குள்ள மரக்கறி, இறைச்சி வைச்சு விக்கிற சப்வே கடைதான் உடம்புக்கு நல்லதெண்டு ஒரே சொல்லுறாள். உண்மையோ?
- வாசகி, மானிப்பாய்

பதில்: பாதிதான் உண்மை அம்மா. கண்ணுக்கு முன்னால தக்காளி, வெள்ளரிக்காய், வெங்காயம், சலாது இலை எல்லாம் கேட்ட அளவுக்கு அள்ளி வைக்கினம், அது எனக்கும் நல்லாப் பிடிச்ச விசயம், கன பேகர் கடையளில அந்தத் தெரிவு கிடையாது. ஆனா எல்லாரும் உள்ளுக்கு வைக்கிறதைத்தான் பாக்கினம், பாணைப் பாக்கிறேல்லை. அயர்லாந்தில ஒரு சப்வே கடைக்காரர் தன்ர பாண் அடிப்படை உணவு, அதுக்கு வற் வரி வேண்டாமெண்டு வழக்காடினவர், அங்கத்தைய சட்டத்தில பாண் அந்தச் சலுகைக்குள்ள வரவேணுமெண்டா சீனி மாவின்ர நிறையில 2 வீதத்துக்கு மேல போகக்கூடாது, இவையின்ர பாணில 10 வீதம் இருந்ததால 2020இல உச்ச நீதிமன்றம் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டுது. அது வரிக்கான தீர்ப்புத்தான், ஆனா அந்த 10 வீதம் சாப்பிடுற எங்களுக்கும் சேர்த்துத்தானே. அதோட சோஸ். ரியூனா மீன் எண்டு நம்பி வாங்கினா அதை மயோனைஸில குழைச்சுத்தான் வைக்கினம், மயோனைஸ் எண்டா முக்கால்வாசி எண்ணெய்தான். பெறாமகளிட்டச் சொல்லுங்கோ, 6 அங்குலப் பாண் போதும், மரக்கறியைக் கூட்டி சோஸைக் குறைச்சு, சோடாவை விட்டிட்டு தண்ணியை வாங்கச் சொல்லி.

கேள்வி: லண்டனுக்கு மகனிட்டப் போறன். வெள்ளிக்கிழமையில மச்சம் தொடமாட்டன். அங்க சப்வேயில சாப்பிடலாமோ?
- வாசகர், கோண்டாவில்

பதில்: மரக்கறி மட்டும் வைச்ச பாண் இருக்கு ஐயா. ஆனா இறைச்சி வெட்டின அதே கத்தி, அதே கையுறை வரும், மாத்தச் சொல்லிக் கூச்சப்படாமக் கேளுங்கோ.

கேள்வி: யாழ்ப்பாணத்தில இப்பிடி ஒரு கடை போட்டா ஓடுமோ?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: அவையின்ர பேரை வாங்கிப் போடுறதை விட அவையின்ர முறையை எடுங்கோ தம்பி. 1965இல அமெரிக்காவின்ர பிரிட்ஜ்போர்ட்டில பிரெட் டிலூக்கா எண்ட 17 வயசுப் பெடியன், கொலிஜ் படிப்புக்குக் காசு சேர்க்க, குடும்ப நண்பர் பீற்றர் பக்கிட்ட 1000 டொலர் வாங்கித்தான் முதல் கடையைத் துவங்கினவர், மற்றாக்களுக்குக் கடை நடத்த உரிமை குடுக்கத் துவங்கினது 1974இல, அதுவரைக்கும் தாங்களே ஒவ்வொரு கடையா நடத்திப் பாத்தவை. உங்களிட்ட விறகுப் போறணையில வெந்த றோஸ் பாண் இருக்கு. கணவாய்ப் பிரட்டல், இறால் பொரியல், கத்தரிக்காய், முட்டை, இடிச்ச சம்பல் எல்லாத்தையும் கண்ணாடிக்குப் பின்னால துப்புரவா மூடி வைச்சு, ஆக்கள் கைகாட்டுறதை அவையின்ர கண்ணுக்கு முன்னால வைச்சுக் குடுங்கோ. கம்பஸ் பிள்ளையள் பின்னேரம் பசியோட வருகிற பக்கம்தானே உங்கட ஊர், முதல்ல ஒரு சின்னக் கடையாத் துவங்குங்கோ, மிஞ்சின கறியை மட்டும் அடுத்த நாளுக்கு வைக்காதேங்கோ.