புதுச்சேரியில் பழைய வீட்டு விடுதி: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் தங்க

முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் டிசம்பரில் இரண்டு இரவுகள் புதுச்சேரியில், பழைய வீட்டை விடுதியாக மாற்றிய ஓர் இடத்தில் தங்க விரும்புவதாகவும், நகரின் பழைய பகுதியைக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழ்ப் பகுதி என்று பிரிக்கும் கால்வாயின் எந்தப் பக்கம் நல்லது என்றும் கேட்டிருந்தீர்கள். பக்கத்தைவிடப் படிக்கட்டுதான் உங்களுக்கு முக்கியம். இத்தகைய விடுதிகள் பலவற்றில் மின்தூக்கி இராது. மாடிப்படிகளும் ஒடுங்கியே இருக்கும். ஆகவே, தரைத்தள அறை உண்டா என்று கேட்பதோடு நிறுத்தாமல், வாசற்படி, முற்றத்து விளிம்பு, குளியலறை நிலைப்படி ஆகியவற்றைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தரைத்தளம் என்று நம்பி நான் பதிவு செய்த ஓர் அறைக்குத் தெருவிலிருந்து ஐந்து படி ஏற வேண்டியிருந்தது, பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இல்லை.

கால்வாய்க்குக் கிழக்கே தங்கினால் கடற்கரையும் மணக்குள விநாயகர் கோயிலும் அருகில் இருக்கும். ஆனால் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வாகனங்களை விடுவதில்லை என்பதால், அச்சாலையிலேயே உள்ள விடுதியானால் இருட்டுவதற்கு முன்பே போய்ச் சேருங்கள். என்னைக் கேட்டால், கால்வாய்க்கு மேற்கே வைசியாள் வீதிப் பக்கம், திண்ணையும் முற்றமும் உள்ள தமிழ் வீடொன்றைத் தேர்ந்தெடுப்பேன். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் நீளக்கூடுமாதலால், திறந்த முற்றத்தைக் கடக்காமலே போகக்கூடிய அறையாகக் கேளுங்கள். ஈரத்தில் அந்தத் தரை வழுக்கும்.