விட்டுப் பாடிய வரி

வணக்கம் டீச்சர்,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் அக்கா 2005இல் உங்களிடம் நான்காம் ஆண்டு படித்தவர். இப்போது நாங்கள் இருவரும் ஈப்போவில் வேலை செய்கிறோம். சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் ஒரே காரில் போய் வருகிறோம். கார் அக்காவுடையது என்பதால் பாட்டும் அக்காவுடையதுதான்.

லானா டெல் ரே என்ற அமெரிக்கப் பாடகியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மெதுவாகவும் துக்கமாகவும் பாடுபவர். எங்கள் இருவருக்குமே அவரைப் பிடிக்கும். சண்டையே அங்கேதான் தொடங்குகிறது. 2012இல் வந்த 'பார்ன் டு டை' தொகுப்புக்குப் பிறகு அவர் பாடியதெல்லாம் பியானோ பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுப்பது என்கிறார் அக்கா. எனக்கு 2019 தொகுப்புதான் உச்சம். பழைய பாட்டுகள் கூடுதலாகப் பவுடர் பூசிய முகம் மாதிரி இருக்கின்றன. எங்களோடு காரில் வரும் நண்பன் இரண்டையும் ஒப்புக்கொள்வதில்லை. "பெயரும் பொய், சோகமும் பொய். எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு. போதாததற்கு, அடிக்கிற ஆணை அழகாக்கிப் பாடுகிறாள்" என்கிறான். போன வாரம் இது முற்றி, அவன் இரண்டு நாள் பஸ்ஸில் போனான்.

வீட்டில் போட்டால் அப்பா, "யார் செத்துவிட்டார்கள்?" என்று கேட்கிறார்.

உங்கள் தளத்தில் பழைய பாடல்களைப் பற்றி எழுதுகிறீர்கள். இதையும் கேட்டுவிட்டு, எங்களில் யார் சொல்வது சரி என்று சொல்லுங்கள் டீச்சர். சோகப் பாட்டையே கேட்டுக்கொண்டிருப்பது மனத்துக்குக் கெடுதியா என்பதையும் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம், அக்கா படிப்பார்.

*

அன்புள்ள தம்பி,

பெயரைப் போடவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தாலே உங்கள் அக்கா கண்டுபிடித்துவிடுவாள். எனக்கு அவளை நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மதிப்பெண் குறைந்தாலும் தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து நிற்பாள். அவளோடு தினமும் வாதாடுகிறீர்கள் என்றால் உங்கள் துணிச்சலை முதலில் பாராட்டிவிடுகிறேன்.

நான்கு நாள் மாலையில் மகளின் பழைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். தலையில் பூ வளையம் வைத்த இந்தப் பெண்ணின் படத்தை 2013 வாக்கில் என் மகள் அறைச் சுவரில் ஒட்டியிருந்தாள். யாரோ நடிகை என்று நினைத்து, சுவருக்குச் சாயம் அடித்தபோது அதைக் கிழித்தெறிந்தவள் நான்தான்.

உங்கள் நண்பரிடமிருந்து தொடங்குகிறேன். அவர் சொல்வதில் பாதி தவறு. மீதிப் பாதி உங்கள் இருவரையும்விடக் கூர்மையானது.

பெயர் பொய் என்கிறார். உண்மைதான். 1985இல் பிறந்த எலிசபெத் கிராண்ட், லிஸ்ஸி கிராண்ட் என்ற பெயரில் பாடிப் பார்த்து, அது எடுபடாமல் போன பிறகு லானா டெல் ரே ஆனார். 2010இல் இணையத்தில் வெளியான முதல் தொகுப்பு கொஞ்ச நாளிலேயே விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் என்ன? கண்ணதாசன் என்பது முத்தையாவுக்கு ஆத்தாள் வைத்த பெயரா? குரலையும் மாற்றிக்கொண்டவர் இவர். மெல்லிய குரலில் பாடியபோது யாரும் பொருட்படுத்தவில்லை, அதனால் குரலைத் தாழ்த்திக்கொண்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். இதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. நாற்பது பிள்ளைகள் கத்தும் வகுப்பில் நானும் அதைத்தான் செய்தேன். கத்தினால் கேட்காது, குரலை இறக்கினால் திரும்பிப் பார்ப்பார்கள்.

அடுத்தது, சோகம் பொய் என்பது. இதற்கு நான் என் அப்பாயியை, அப்பாவின் அம்மாவை, கூப்பிட வேண்டியிருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் இன்று செம்பனை நிற்கும் இடத்தில் அன்று ரப்பர் நின்றது. அப்பாயி அங்கே பால் மரம் வெட்டினார். தோட்டத்தில் சாவு விழுந்தால் ஒப்பாரிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்துகூட ஆள் வரும். வேலை முடிந்து வந்து, விரலில் ஒட்டிக் காய்ந்த பாலை நகத்தால் உரித்து உரித்து வாசலில் போடுவார். வெற்றிலையைத் துப்பி வாய் கொப்பளித்துவிட்டு, முடிந்த கொண்டையை அவிழ்த்துவிடுவார். சாவு வீட்டை நெருங்கும்போது கூப்பிட வந்தவரிடம் தாழ்ந்த குரலில் விசாரணை நடக்கும். "எந்த ஊர்க்காரர்? பிள்ளைகள் எத்தனை? மூத்தது ஆணா, பெண்ணா? யாரோடாவது பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தாரா?" வாசலை மிதிக்கும்போது பாட்டுக்கு வேண்டிய எல்லாம் கையில் இருக்கும். உள்ளே போய்ப் பெண்களின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொடங்கினால் வெளியே நிற்கும் கங்காணிகூடத் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். முடிந்ததும் அப்பாயி முகத்தைக் கழுவிக்கொண்டு, சீனி கூடுதலாகப் போட்டு, பால் ஊற்றாத கோப்பி ஓ ஒன்று கேட்பார்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். செத்தவரை முன்பின் பார்த்ததே இல்லையே, எப்படி அழுதீர்கள் என்று கேட்டேன். "நான் அழுவதற்காகக் கூப்பிடவில்லை. அவன் பெண்டாட்டி நேற்றிலிருந்து சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகை வரவேண்டும் என்றுதான் கூப்பிட்டார்கள்" என்றார். அது அவருக்கு ஒரு வேலை. கொண்டையை அவிழ்த்ததும் வேலையில் சேர்ந்ததுதான். அப்பாயி பொய்யாக அழுதார் என்று தோட்டத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஒரே பாட்டு என்ற குற்றச்சாட்டும் இங்கேயே விழுந்துவிடுகிறது. அப்பாயிக்கு இருந்தது ஒரே மெட்டு. மெட்டு சலித்துவிட்டது என்று எந்தச் சாவு வீட்டிலும் யாரும் எழுந்து போகவில்லை. ஆனால் ஒன்று உண்டு. இந்தப் பாடகியின் 'சம்மர்டைம் சாட்னஸ்' பாட்டை 2013இல் வேறொருவர் வேகமாக்கி நடனப் பாட்டாக்கினார். கிராமி விருதும் அதற்குக் கிடைத்தது. அமெரிக்காவில் ஏறக்குறைய பத்து ஆண்டுக்கு அவருடைய மிகப் பெரிய வெற்றி அதுதான். சோகத்துக்குக் கால் முளைத்தால்தான் கூட்டம் வரும் போலிருக்கிறது. நம் ஊர் உருமி மேளப் பையன்களுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இப்போது உங்கள் நண்பரின் கூர்மையான பாதி.

2014இல் வந்த 'அல்ட்ராவயலன்ஸ்' தொகுப்பின் தலைப்புப் பாட்டில், அவன் என்னை அடித்தான், அது முத்தம் மாதிரி இருந்தது என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. அந்த வரி இவருடையது அல்ல. 1962இல் தி கிரிஸ்டல்ஸ் என்ற பெண்கள் குழு பாடிய பாட்டிலிருந்து எடுத்தது. அந்தப் பழைய பாட்டை எழுதியவர்கள் ஜெரி கோஃபின், கரோல் கிங் என்ற தம்பதி. அவர்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண், காதலனிடம் அடி வாங்கிவிட்டு, அவன் என்மேல் வைத்த ஆசையால்தான் அடிக்கிறான் என்று சொன்னாளாம். பாட்டு அதிலிருந்து பிறந்தது.

படித்தபோது எனக்கு ஒரு நிமிடம் கை ஓடவில்லை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நாமும் வைத்திருக்கிறோமே! அமெரிக்காக்காரியைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இரண்டு வீட்டுக்கு நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர். சம்பள நாள் இரவில் பக்கத்து வீட்டில் முதலில் மங்குப் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும், பிறகு அந்த அக்காவின் சத்தம், பிறகு சத்தமே இருக்காது. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போகும் வழியில் மற்றப் பெண்கள் அவருக்கு இந்தப் பழமொழியைத்தான் சொல்வார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவரும் தலையாட்டுவார். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் வீக்கம் நன்றாகவே தெரியும்.

அந்த மனிதர் ஒரு மழைக்காலத்தில் செத்தார். அப்பாயிதான் ஒப்பாரி. புருஷனை இழந்தவளுக்காகப் பாடும்போது, என்னைப் பூவாக வைத்திருந்தாயே என்கிற மாதிரி ஒரு வரி கட்டாயம் வரும். ஆள் எப்படிப்பட்டவராக இருந்தாலும் வரும், அது முறை. அன்று ஊர், பிள்ளைகள், அவர் நட்ட முருங்கை எல்லாம் வந்தது. அந்த வரி வரவில்லை. அது வரவேண்டிய இடத்தில் அப்பாயி மூச்சை மட்டும் இழுத்துவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டார். கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒருத்தி விடாமல் நிமிர்ந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா அப்போதுதான் வாய்விட்டு அழத் தொடங்கினார்.

2017இல் ஒரு பேட்டியில் லானா டெல் ரே, அந்த வரி தனக்குப் பிடிக்கவில்லை, மேடையில் அந்தப் பாட்டைப் பாடினாலும் அதை மட்டும் இப்போது பாடுவதில்லை என்று சொன்னார். இதைப் படித்த பிறகுதான் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. 2020 மே மாதம் அவரே, வன்முறையை அழகாக்குகிறேன் என்று என்னைச் சொல்கிறார்களே என்று இன்ஸ்டாகிராமில் வெடித்து, தேவையில்லாமல் மற்றப் பாடகிகளின் பெயர்களையும் இழுத்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆக, திருந்திய கதை என்றும் இதைச் சொல்ல முடியாது. உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்: அவர் கேட்ட கேள்வி பாடியவருக்கே உறுத்தியிருக்கிறது. இனி அவர் பஸ்ஸில் போக வேண்டியதில்லை. முன் இருக்கையைக் கொடுங்கள்.

இனி உங்கள் இருவரின் வழக்கு. நீங்கள் மட்டும் அடித்துக்கொள்ளவில்லை, மதிப்பெண் போடுகிறவர்களே தடுமாறியிருக்கிறார்கள். பிட்ச்ஃபோர்க் என்ற அமெரிக்க இசை இதழ் 2012இல் உங்கள் அக்காவின் தொகுப்புக்குப் பத்துக்கு 5.5 கொடுத்தது. அந்த ஜனவரியில்தான் அவர் தொலைக்காட்சியில் தடுமாறிப் பாடி ஊர் வாயில் விழுந்திருந்தார். 2021இல் அதே இதழ் அதை 7.8 ஆக்கியது. பழைய தாளை ஒன்பது ஆண்டு கழித்து எடுத்துத் திருத்திய வாத்தியாரை நான் கேள்விப்பட்டதே இல்லை! உங்கள் 2019 தொகுப்புக்கு அங்கே 9.4. அந்த ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி பரிந்துரைப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. தலைப்பில் ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறது, அதனால் தலைப்பை நானும் எழுதவில்லை.

என் தீர்ப்பைக் கேட்டீர்கள். 2012 தொகுப்பில் எசன்ஸ் கூடிப்போயிருக்கிறது. வயலின்கள் வந்து வந்து காலில் விழுகின்றன. ஆனால் அதில் இருக்கும் 'வீடியோ கேம்ஸ்', முதலில் 2011இல் தனியாக வந்த பாட்டு, அவர் பாடியவற்றிலேயே சிறந்தது என்பது என் கட்சி. அதில் நடப்பது இவ்வளவுதான்: அவன் விளையாடிக்கொண்டிருக்கிறான், அவள் அவனுக்காக அலங்கரித்துக்கொண்டு வந்து நிற்கிறாள். அவன் நல்லவனா கெட்டவனா என்று பாட்டு சொல்வதில்லை. 2019 தொகுப்பில் ஜாக் அன்டனாஃப் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து வயலின் மூட்டையை இறக்கி வைத்துவிட்டார். அதில் ஒன்பதரை நிமிடப் பாட்டு ஒன்று உண்டு. முதல் தடவை தூங்கிவிட்டேன். மறுநாள் கேட்டபோது, பாதிக்குமேல் குரல் ஒதுங்கி நிற்க கிட்டார் தன்போக்கில் அலைவது பிடித்தது. தொகுப்பு என்று பார்த்தால் உங்கள் பக்கம், ஒரு பாட்டு என்று பார்த்தால் அக்கா பக்கம்.

இதை அக்காவிடம் சொல்லி வெற்றி கொண்டாட வேண்டாம். 2012இல் அவள் ஐந்தாம் படிவம், பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதும் ஆண்டு. தோட்டத்து வீட்டைக் காலி செய்து நீங்கள் தாமான் குடியிருப்புக்கு வந்ததும் அந்தச் சமயத்தில்தான் என்று நினைக்கிறேன். உங்கள் அம்மா பள்ளி வாசலில் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். நீங்கள் அப்போது சின்னப் பையன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் எதைக் கேட்டாள் என்பது உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. அந்த ஆண்டு எப்படி இருந்தது என்று அவளிடம் ஒரு நாள் காரில் கேட்டுப் பாருங்கள். பாட்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

மனத்துக்குக் கெடுதியா என்ற கேள்விக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. கேட்டு முடித்ததும் கோப்பி ஓ குடிக்கத் தோன்றினால் கெடுதி இல்லை. நாள் கணக்கில் சாப்பிடவும் பேசவும் பிடிக்காமல் போனால், பாட்டை மாற்றுவதைவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாட அப்பாயி சம்மதித்ததே இல்லை. நான் விளையாட்டுக்கு ஓர் அடி முணுமுணுத்தாலும், விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பாட்டு என்று வாயிலேயே ஒன்று போடுவார். உங்கள் அப்பாவும் அப்படி ஒரு லயத்தில் வளர்ந்தவர்தானே. ஆறரை மணிக்கு மேல் வீட்டில் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். அவர் விளக்கை ஏற்றிவிட்டுப் போகட்டும்.