"அண்ணா யுனிவர்சிட்டி"ன்னு சொன்னா, எந்த கேம்பஸ்னு கேளுங்க

பொண்ணுக்கு இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200க்கு 186, ஒருத்தர் "அண்ணா யுனிவர்சிட்டி காலேஜ்லயே சீட் வாங்கித் தர்றேன்"னு சொல்றாரு, கிண்டியும் திருநெல்வேலியும் ஒரே யுனிவர்சிட்டி தானேன்னு விருதுநகர்ல இருந்து ஒரு அப்பா கேட்டிருக்கார்.

சார், முதல்ல அந்த ஆளுக்கு ஒரு ரூபா குடுத்துடாதீங்க. இன்ஜினியரிங் அட்மிஷனுக்கு அரசு நடத்துற கவுன்சலிங்ல சீட் ஆன்லைன்ல ரேங்க்படி தான் வரும், நடுவுல யாரும் வாங்கித் தர முடியாது. 2018 வரைக்கும் அண்ணா யுனிவர்சிட்டி நடத்துச்சு, 2019ல இருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தான் நடத்துது.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். 1978ல யுனிவர்சிட்டி ஆரம்பிச்சப்போ சென்னையில ஏற்கனவே இருந்த கிண்டி இன்ஜினியரிங் காலேஜ், ஏசி டெக் (அழகப்பா டெக்னாலஜி காலேஜ்), எம்ஐடி (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி), ஆர்க்கிடெக்சர் ஸ்கூல் நாலையும் ஒண்ணா சேத்தாங்க. கிண்டி 1794ல சர்வே ஸ்கூலா ஆரம்பிச்சது, குரோம்பேட்டை எம்ஐடி 1949ல வந்தது, அப்துல் கலாம் ஏரோநாட்டிகல் படிச்சது அங்க தான். ஊர்ல "அண்ணா யுனிவர்சிட்டி"ன்னு பெருமையா சொல்றது பெரும்பாலும் இந்த கேம்பஸ்களைத் தான், இவங்களுக்கு சிலபஸும் எக்ஸாமும் தனி.

திருநெல்வேலி, கோயம்புத்தூர், மதுரையில இருக்கறது ரீஜனல் கேம்பஸ். நடுவுல 2007ல யுனிவர்சிட்டியைப் பிரிச்சு, 2012ல திரும்ப ஒண்ணா சேத்தாங்களே, அதுல வந்த குழப்பம் இன்னும் பலருக்குத் தீரல. இது போக திருச்சி, திண்டுக்கல், நாகர்கோவில், ராமநாதபுரம் மாதிரி ஊர்கள்ல உறுப்புக் கல்லூரிகள் இருக்கு. இதெல்லாமும் யுனிவர்சிட்டியே நேரா நடத்துறது, ஃபீஸ் பிரைவேட்டை விட ரொம்பக் கம்மி. கடைசியா நூத்துக்கணக்கான பிரைவேட் காலேஜ், அதெல்லாம் அஃபிலியேஷன் மட்டும் தான், அதாவது யுனிவர்சிட்டியோட இணைப்பு உண்டு, நடத்துறது வேற ஆளு, ஆனா டிகிரில யுனிவர்சிட்டி பேர் இருக்கறதால "அண்ணா யுனிவர்சிட்டி காலேஜ்"னு போர்டு வெச்சுக்கறாங்க, அங்க தான் நிறைய பேரன்ட்ஸ் ஏமாந்து போறாங்க, எனக்கு இதைப் பாக்கறப்போ மனசே ஆறாது.

அதனால பேரைப் பாக்காதீங்க, கவுன்சலிங்ல ஒவ்வொரு காலேஜுக்கும் குடுத்திருக்கற கோடு நம்பரைப் பாருங்க. கிண்டிக்கு 1, ஏசி டெக்குக்கு 2, எம்ஐடிக்கு 4. அந்த ஆள் சொல்ற காலேஜோட கோடைக் கேட்டு, கவுன்சலிங் சைட்ல நீங்களே போட்டுப் பாருங்க, யார் நடத்துறாங்கன்னு தெரிஞ்சுடும்.

186ங்கறது மேத்ஸ் 96, பிசிக்ஸ் 92ல பாதி 46, கெமிஸ்ட்ரி 88ல பாதி 44, இப்படி வர்ற மார்க், நல்ல மார்க் தான் சார். கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இது பத்துறது ரொம்பக் கஷ்டம், ஆனா ஏசி டெக்ல லெதர், டெக்ஸ்டைல், கிண்டில பிரிண்டிங், மைனிங் மாதிரி கோர்ஸ் எல்லாம் போன வருஷம் உங்க கம்யூனிட்டிக்கு எந்த கட்-ஆஃப்ல முடிஞ்சதுன்னு பாருங்க. பொண்ணு ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளின்னா 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு, அதுல சீட் கிடைச்சா ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டுது.

சாய்ஸ் போடறப்போ கிடைக்காதுன்னு நெனச்சு ஆசைப்பட்டதை விட்டுடாதீங்க. பிடிச்சதை மேல வைங்க, அது இல்லன்னா சிஸ்டம் தானா அடுத்ததுக்கு இறங்கும், மேல வெச்சதால கீழ இருக்கற சீட் போயிடாது.

வீட்டுக்குப் பக்கம் வேணும்னா மதுரையும் திருநெல்வேலியும் தாராளமா வைங்க, ஆனா லிஸ்ட்டை லாக் பண்றதுக்கு முன்னாடி பொண்ணோட ஒரு தடவை நேர்ல போய் லேப்பையும் ஹாஸ்டலையும் பாத்துட்டு வந்துடுங்க.