ஜிம்முக்குப் போற பிள்ளைகளோட கேள்விகள் – அக்கா பதில்கள்

மூட்டு வலிக்காக நான் ஜிம்முல சேர்ந்த கதைய இந்தப் பக்கத்துல எழுதினேன்லா, அதுக்கு அப்புறம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஜிம் பத்தித்தான். என்ன சாப்பிடணும், எந்த மெஷின் நல்லதுன்னு கேப்பாங்கன்னு பாத்தா வந்தது எல்லாமே அங்க வர்ற ஆளுங்களப் பத்தி. அதனால இந்தத் தடவ முழுப் பக்கமும் அதுக்கே. ஊர் பேரு மட்டும் போடுறேன்.

கேள்வி (மார்த்தாண்டம்): அக்கா, நான் பி.எட். படிக்கேன். காலையில ஆறு மணிக்கு ஜிம்முக்குப் போவேன். அங்க ஒரு ஆளு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், கேக்காமலே வந்து "ஃபார்ம் (பயிற்சி செய்ற விதம்) தப்பா இருக்கு"ன்னு சொல்லிக் குடுப்பாரு. முதல்ல தேங்க்ஸ் அண்ணான்னு சொன்னேன். இப்போ இயர்பட்ஸ் போட்டிருந்தாலும் முன்னால வந்து கைய ஆட்டி கழட்ட வைக்கிறாரு, எந்த மெஷினுக்குப் போனாலும் அடுத்த மெஷின்ல வந்து உக்காருறாரு, வெளிய வந்தா பாலத்துக்குக் கீழ என் ஸ்கூட்டி பக்கத்துலயே பைக்க நிறுத்தி நிக்கிறாரு. இன்ஸ்டால ரெண்டு ஐடில இருந்து மெசேஜ் வேற. அப்பாவுக்கு அவரத் தெரியும். வீட்டுல சொன்னா ஜிம்மத்தான் நிறுத்துவாங்க. நான் அண்ணா அண்ணான்னுதான் கூப்பிடுறேன், அப்படியும் ஏன்க்கா இப்படி?

பதில்: மக்ளே, அந்த அண்ணாங்குற வார்த்தையில இருந்தே ஆரம்பிக்கேன். நம்ம பக்கம் கண்டக்டரும் அண்ணன்தான், மீன் கொண்டு வர்றவரும் அண்ணன்தான். நாம அத ஒரு வேலி மாதிரி போடுறோம், அண்ணான்னு சொல்லிட்டா தப்பா நினைக்க மாட்டான்னு. நல்ல மனுஷனுக்கு அந்த வேலியே வேண்டாம், அவன் தானாவே தள்ளி நிப்பான். தப்பான ஆளுக்கு அது வேலியாவே தெரியாது, "இந்தப் பிள்ள மரியாதையா பேசுது, இன்னும் கொஞ்சம் போகலாம்"னுதான் தோணும். நீ மரியாதையா இருந்தது உன் தப்பு இல்ல. ஆனா இந்த ஆளுக்கு இனி அது பத்தாது.

ஒரே ஒரு தடவ நேரா சொல்லணும். "எனக்கு சொல்லித் தர ட்ரெய்னர் இருக்காரு, நீங்க சொல்லித் தர வேண்டாம், எங்கிட்ட பேசவும் வேண்டாம்." இவ்வளவுதான். சிரிக்காத, ஸாரி சொல்லாத, முக்கியமா காரணம் சொல்லாத. நேரமில்லன்னு சொன்னா எப்ப நேரம் இருக்கும்னு கேப்பான், வீட்டுல ஏசுவாங்கன்னு சொன்னா அப்பாகிட்ட நான் பேசட்டான்னு கேப்பான். வேண்டாம்னா வேண்டாம், அதுக்கு மேல அவன் பிடிச்சுத் தொங்க ஒண்ணும் இருக்கக் கூடாது.

இன்ஸ்டால உடனே பிளாக் பண்ணிராத. முதல்ல எல்லா மெசேஜையும் ஸ்கிரீன்ஷாட் எடு, ரெண்டு ஐடியையும் சேத்து, தேதி தெரியுற மாதிரி. அப்புறம் "எனக்கு மெசேஜ் அனுப்ப வேண்டாம்"னு ஒரு வரி எழுதி அனுப்பு, அதையும் ஸ்கிரீன்ஷாட் எடு, பிறகு பிளாக். ஏன் இவ்வளவு சொல்றேன்னா 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறையில இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவுல, அதான் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்ததுல, 78ஆவது பிரிவு இருக்கு, பின்தொடர்றது பத்தி. ஒரு பொண்ணு விருப்பம் இல்லன்னு தெளிவா காட்டின பிறகும் திரும்பத் திரும்பப் பின்னால வந்தாலோ தொடர்பு கொண்டாலோ முதல் தடவையே மூணு வருஷம் வரைக்கும் சிறை, நெட்டு வழியா பின்தொடர்றதும் அதுக்குள்ள வரும். தெளிவா காட்டின பிறகும்னு சட்டமே சொல்லுது கேட்டியா, அதனாலதான் உன் ஒரு வரி "வேண்டாம்" உன் கையில பத்திரமா இருக்கணும்.

அடுத்தது ஜிம் ஓனர். நேர்ல சொல்லிட்டு விட்டுராத, அதையே வாட்ஸப்லயும் எழுதி அனுப்பு. எந்தத் தேதி, என்ன செஞ்சாரு, நான் வேண்டாம்னு சொல்லிட்டேன், நீங்க நடவடிக்க எடுக்கணும். எழுத்துல வந்தா எந்த ஓனரும் கொஞ்சம் யோசிப்பாரு.

அப்பா விஷயம்தான் கஷ்டம், எனக்குப் புரியுது. நேரா அப்பாகிட்ட போகாம உன் பக்கம் நிக்கிற ஒரு ஆள முதல்ல பிடி, அம்மாவோ சித்தியோ மைனியோ. "நான் ஜிம்ம நிறுத்தப் போறதில்ல, அவன நிறுத்தணும்"னு முதல் வாக்கியமாவே சொல்லு. போலீஸ் வரைக்கும் போக வேண்டி வந்தா உள்ளூர் ஸ்டேஷன்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்னு பேடிக்காத. எந்த ஸ்டேஷன்லயும் புகார் குடுக்கலாம், எல்லைக்கு வெளியன்னு அவங்க திருப்பி அனுப்ப முடியாது, ஜீரோ எஃப்ஐஆர்னு அதுக்குப் பேரு. இந்த மாதிரி புகார எழுதி வாங்க வேண்டியதும் ஒரு பெண் அதிகாரிதான்.

இன்னொண்ணும் சொல்லணும். நான் முதல்ல போன ஜிம்முலயும் இப்படி ஒரு ஆள் இருந்தாரு. நான் ஒண்ணும் சொல்லாம சாயங்காலத்துல இருந்து மதியத்துக்கு மாத்தினேன், அப்புறம் மதியமும் வந்தாரு, நான் மூணு மாசப் பணத்த விட்டுட்டு நின்னுட்டேன். அந்த ஆள் இப்பவும் அங்க நிம்மதியா போயிட்டு வர்றாரு, என் மூட்டு வலிதான் கூடிச்சு. அந்தப் பணத்த விட அந்த வருஷம் போனதுதான் எனக்கு இன்னும் ஆறல. நீ அப்படி விட்டுராத மக்ளே.

கேள்வி (வடசேரி): நான் ஸ்குவாட் (தோள்ல வெயிட் கம்பிய வச்சி உக்காந்து எந்திரிக்கிறது) பண்ணும்போது என் ட்ரெய்னர் பின்னால ஒட்டி நிக்கிறாரு, டெட்லிஃப்ட்ல (தரையில இருக்கிற வெயிட்ட குனிஞ்சு தூக்குறது) இடுப்பப் பிடிக்கிறாரு. கேட்டா இதான் ஸ்பாட்டிங், எல்லாருக்கும் இப்படித்தான்னு சொல்றாரு. ஆம்பளைங்களுக்கு அப்படிப் பிடிச்சு நான் பாத்ததில்ல. எனக்கு 41 வயசு, இந்த வயசுல இத வெளிய சொல்ல வெக்கமா இருக்கு. நான்தான் தப்பா நினைக்கேனா?

பதில்: நீங்க தப்பா நினைக்கல. ஆம்பளைங்களுக்கு இப்படிப் பிடிக்கிறதில்லன்னு நீங்களே பாத்து எழுதியிருக்கீங்க, அதுவே பதில்தான்.

ஸ்பாட்டிங்னா வெயிட் தூக்குறவங்க தடுமாறினா தாங்கிப் பிடிக்க பக்கத்துல நிக்கிறது. தொழில் தெரிஞ்ச ட்ரெய்னர் எப்படி நிப்பாருன்னு சொல்றேன், ஒப்பிட்டுப் பாருங்க. டெட்லிஃப்டுக்கு ஸ்பாட்டிங்னே ஒண்ணு கிடையாது, வெயிட்டு முடியலன்னா கீழ போட்டுருவோம் அவ்வளவுதான், இடுப்பப் பிடிக்க ஒரு காரணமும் இல்ல. பெஞ்ச் பிரஸ்ல, அதான் படுத்துட்டு கம்பிய மேல தள்ளுறதுல, ஸ்பாட் பண்றவர் கை கம்பிக்குப் பக்கத்துல இருக்கும், உங்க மேல இல்ல. ஸ்குவாட்ல மட்டும் பின்னால நிக்கிற முறை உண்டு, அதுலயும் கை தயாரா இருக்கும், நீங்க தடுமாறினா மட்டும்தான் தொடணும். கம்பி வைக்கிற ஸ்டாண்டு, அந்த ரேக்ல ரெண்டு பக்கமும் சேஃப்டி கம்பி சரியான உயரத்துல போட்டுட்டா பின்னால யாரும் நிக்கவே வேண்டாம். முதுகுல எந்தத் தசை வேலை செய்யணும்னு காட்ட ஒரு விரல் போதும், அதுக்கும் "தொடலாமா"ன்னு கேட்டுட்டுத்தான். நம்ம ஊருல வர்ம ஆசான்கிட்ட போனாக்கூட எங்க தொடப் போறாருன்னு சொல்லிட்டு, கூட வந்தவங்கள பக்கத்துல நிக்க வச்சித்தான் தொடுவாரு, நான் பாத்த ஆசான்மார் எல்லாரும் அப்படித்தான்.

"இனி தொடாம வாயால சொல்லிக் குடுங்க மாஸ்டர்"னு சொல்லிப் பாருங்க. சரின்னு கேட்டு மாறினா கொள்ளாம். முகம் மாறினாலோ, அப்படின்னா நீங்க வேற ஆளப் பாத்துக்கங்கன்னு சொன்னாலோ, உங்க சந்தேகம் சரிதான்.

அவர் அங்க சம்பளத்துக்கு வேலை பாக்கிற ஆள், அதனால உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, அது ஆபீஸ் பொம்பளைங்களுக்கு மட்டும்னு நிறைய பேரு நினைக்காங்க. அந்த இடத்துல வேலை பாக்காத பொண்ணும் அங்க வச்சி துன்புறுத்தப்பட்டா புகார் குடுக்கலாம், எந்த வயசா இருந்தாலும். தனியார் நடத்துற இடத்தையும், விளையாட்டுப் பயிற்சி நடக்கிற இடத்தையும் சட்டம் பணியிடம்னுதான் சொல்லுது. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கிற இடம்னா உள்ளேயே ஒரு குழு இருக்கணும். நம்ம ஊரு ஜிம்முல ரெண்டு ட்ரெய்னர், ஒரு கூட்டுற அக்கா, அவ்வளவுதானே, அப்போ மாவட்ட அளவுல இருக்கிற உள்ளூர்க் குழுவுக்குப் போகணும், ஓனர் மேலயே புகார்னாலும் அங்கதான். நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல சமூக நலத் துறையில கேட்டா எப்படிக் குடுக்கணும்னு சொல்லுவாங்க. நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும், இத மட்டும் தள்ளிப் போடாதீங்க. அந்தத் தொடுதல் பாலியல் நோக்கத்தோடன்னா போலீஸ் புகாரும் தனியா குடுக்கலாம், பாரதிய நியாய சன்ஹிதா 75ஆவது பிரிவு. எதுக்கும் முன்ன யார்கிட்டயாவது பேசணும்னா பெண்களுக்கான உதவி எண் 181, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பாங்க.

வெக்கப்பட வேண்டியவர் நீங்க இல்ல. 41ல என்ன, 61லயும் இல்ல.

கேள்வி (தக்கலை): லெகின்ஸ் டீ ஷர்ட் போட்டு ஜிம்முக்குப் போறேன். ஆம்பளைங்க உத்துப் பாக்காங்கன்னு சொன்னதுக்கு என் வீட்டுக்காரர், "நீ போட்டிருக்கதே அப்படி, பாக்கத்தான் செய்வான்"னு சொல்றாரு. மாமியாரும் அதையே சொல்றாங்க.

பதில்: தக்கலையில இருந்து இந்தக் கேள்வி வந்திருக்கே, கொஞ்ச நேரம் கடிதத்த கையில வச்சிட்டே இருந்தேன். உங்க கல்குளம் பக்கம்தான் 1820கள்ல மேலாடை போட்ட நாடார் பொம்பளைங்கள ரோட்டுலயும் சந்தையிலயும் மறிச்சு துணியக் கிழிச்சாங்க. மார மூடினது குத்தம்னு. தோள்சீலைப் போராட்டம்னு பள்ளிக்கூடத்துல ஒரு பத்தியில படிச்சிட்டுப் போயிருப்போம், அது அடியும் தீ வைப்புமா வருஷக்கணக்கா நடந்து, 1859 ஜூலை 26ல திருவிதாங்கூர் மகாராஜா உத்தரவு போட்டுத்தான் நாடார் பொம்பளைங்க மேல உடம்ப மூடிக்கலாம்னு ஆச்சு. அதுலயும் மேல்சாதிப் பொம்பளைங்க போடுற மாதிரி மட்டும் போடக் கூடாதுன்னு ஒரு நிபந்தன. அன்னைக்கு மூடினது தப்பு, இன்னைக்கு மூடினது பத்தலன்னு தப்பு. ரெண்டு தடவையும் அந்தத் துணிக்குள்ள இருக்கிற பொம்பளகிட்ட யாரும் கேக்கல.

உங்க வீட்டுக்காரர்கிட்ட சண்ட போடச் சொல்லல. ஒருநாள் கூடக் கூட்டிட்டுப் போங்க. சுடிதார் போட்டு டிரெட்மில்ல நடக்கிற ஐம்பது வயசு அக்காவையும் அதே ஆளுங்க அதே மாதிரி பாக்கிறத அவரே பாக்கட்டும். துணிதான் காரணம்னா அந்த அக்காவ யாரும் பாக்கக் கூடாதே. ஜிம்முல லூசா துணி போட்டா மெஷின்லயும் கேபிள்லயும் மாட்டும், அதுக்குத்தான் இந்த உடுப்பு, மாமியாருக்கு அத மட்டும் பைய சொல்லுங்க.

கேள்வி (குளச்சல்): நான் பையன், எழுதலாமான்னு தெரியல. ஜிம்முல எல்லா பக்கமும் கண்ணாடி, செட்டுக்கு நடுவுல எங்க பாத்தாலும் யாராவது பொண்ணு தெரியுறாங்க, தப்பா நினைச்சிருவாங்களோன்னு பயமா இருக்கு. ஒரு பொண்ணப் பிடிச்சிருக்கு, பேசலாமா?

பதில்: எழுதினது நல்லது தம்பி. கண்ணு படுறது வேற, பார்வ நிக்கிறது வேற, எங்களுக்கு அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். தற்செயலா கண்ணு பட்டா திருப்பிக்கிட்டா போச்சு, யாரும் உன்ன ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. செட்டுக்கு நடுவுல போன எடுத்துப் பாரு, இல்ல தரையப் பாரு. இடம் இருந்தா ஸ்குவாட் பண்ற பொண்ணுக்கு நேர் பின்னால நிக்கிற மெஷின எடுக்காத.

பேசுறத பத்தி, செட் நடக்கும்போது பேசாத, காதுல இயர்பட்ஸ் இருந்தா பேசாத, ஃபார்ம் சரி பண்ற சாக்குல பேசவே பேசாத. வெளிய, நாலு பேரு இருக்கிற இடத்துல, ஒரு தடவ வணக்கம் சொல்லிப் பாரு. ஒத்த வார்த்தையில பதில் வந்தா அங்கயே முடிஞ்சிது, அடுத்த நாள் திரும்பத் தொடங்காத. அவ அங்க வர காசு கட்டியிருக்கா, வீட்டுல எத்தனையோ பேருகிட்ட அனுமதி வாங்கியிருப்பா, உன்னால அவ நேரத்த மாத்த வேண்டி வந்திரக் கூடாது. மத்த பையங்க செய்றதப் பாத்தா "விடுல"ன்னு சொல்லு. நாங்க நூறு தடவ சொல்றத விட உன் ஒரு சொல்லு அவனுக்கு உறைக்கும்.

கேள்வி (கருங்கல்): ஒரு பையன் ரீல்ஸ் எடுக்கிறான், பின்னால நான் குனிஞ்சு நிக்கிறது தெரியுது, இன்ஸ்டால போட்டுட்டான்.

பதில்: முதல்ல லிங்க்கையும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வச்சிக்கோ. பிறகு அழிக்கச் சொல்லு, ஓனர் முன்னால வச்சி சொல்லு. மறுத்தா இன்ஸ்டாலயே ரிப்போர்ட் பண்ணு, மத்திய அரசோட சைபர் க்ரைம் போர்ட்டல்ல பெண்களுக்கு எதிரான குற்றம்னு தனிப் பகுதியே இருக்கு, அதுல போடு. உடை மாத்துற ரூம்லயோ பாத்ரூம்லயோ போன் வச்சி எடுத்தா கதையே வேற, அது பாரதிய நியாய சன்ஹிதாவுல 77ஆவது பிரிவு, குறைஞ்சது ஒரு வருஷம் சிறை, நேரா ஸ்டேஷனுக்குப் போ, ஓனர் சமாதானம் பேச வந்தா கேக்காத. சேரும்போதே ஓனர்கிட்ட கேளுங்க பிள்ளைகளே, வீடியோ எடுக்க என்ன விதி, கேமரா எங்கெங்க இருக்கு, பொம்பளைங்க உடை மாத்துற ரூமுக்கு உள்ள இருந்து தாழ்ப்பாள் இருக்கா. முகம் சுளிச்சா அடுத்த ஜிம்மப் பாருங்க, நாகர்கோவில்ல இருந்து களியக்காவிளை வரைக்கும் ஜிம்முக்கா பஞ்சம்.

கேள்வி (கொட்டாரம்): லேடீஸ் டைமிங்ல போறேன், ஆம்பளைங்க தொல்ல இல்ல. ஆனா கூட வர்ற அக்காமாரே "இவ்வளவு வெயிட் தூக்கினா கர்ப்பப்பை எறங்கிரும், ஆம்பள மாதிரி ஆயிருவ, யாரு கட்டுவா"ன்னு தெனமும் சொல்றாங்க. எனக்கு 24 வயசு.

பதில்: பொம்பளைங்க உடம்புல ஆம்பள ஹார்மோன் ரொம்பக் கம்மி, அதனால வாரத்துல மூணு நாள் தூக்கினா ஆம்பள மாதிரி ஆக வழியே இல்ல. உலக சுகாதார நிறுவனமே பெரியவங்க எல்லாரும் வாரத்துல ரெண்டு நாளாவது தசைக்குப் பலம் தர்ற பயிற்சி செய்யணும்னு சொல்லுது, பொம்பளைங்களுக்கு விலக்குன்னு எங்கயும் போடல. ஆரோக்கியமான உடம்புக்கு, முறையா கத்துக்கிட்டு பைய பைய கூட்டினா பயப்பட ஒண்ணும் இல்ல. பிரசவமாகி கொஞ்ச நாள்தான் ஆன பிள்ளைகளும், அடிவயித்துல பாரம் இழுக்கிற மாதிரி இருக்கிறவங்களும் மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு தொடங்கணும். தூக்கும்போது மூச்ச அடக்காத, மேல வரும்போது விடு.

நம்ம கடற்கரையில தலை நிறைய மீன் சுமந்து மைல் கணக்கா நடந்து வித்த பாட்டிமார் ஏழெட்டு பிள்ள பெத்திருக்காங்க, அந்த அக்காமாருக்கும் அது தெரியும். அடுத்த தடவ அப்படிச் சொன்னா "நீங்களும் வாங்கக்கா, அஞ்சு கிலோவுல தொடங்கலாம்"னு ஒரு டம்பெல்ல எடுத்துக் கையில குடு. எங்க ஜிம்முல நான் அப்படிக் குடுத்ததுல ரெண்டு பேரு இப்போ என்ன விடக் கூடத் தூக்குறாங்க.