மகனுக்குப் பதிலா நீங்க கோல் எடுக்காதீங்க அக்கா

அக்கா, மகன் பீகொம் முடிச்சு ஏழு மாசம், வேலைக்கு நாப்பது இடத்துக்கு சீவி (சுயவிபரம்) போட்டும் ஒரு கோலும் வரல்ல எண்டு எழுதியிருந்தீங்க. சீவிய பார்த்தன், அதுல பெரிய பிழை ஒண்டும் இல்ல. கூடவே நீங்க அனுப்பின மெயில் ஸ்கிரீன்ஷொட்லதான் விஷயம் கிடக்கு.

சப்ஜெக்ட் காலி. உள்ளுக்க "டியர் சேர், சீவி அட்டாச்ட்", அவ்வளவுதான். கீழ பேரும் இல்ல நம்பரும் இல்ல, அதவிட டூ போடுற இடத்துல பதினொரு கொம்பனிட அட்ரஸ் வரிசையா நிக்குது, கொழும்புக் கோட்டையில இருக்கிற ஓடிட் ஃபேர்ம்காரருக்கும் ராஜகிரிய ஐடி கொம்பனிக்காரருக்கும் ஒரே மெயில், ஆள் வேற எங்கெங்க போட்டிருக்கு எண்டு எல்லாருக்கும் தெரியும். வேலைக்கு ஆள் எடுக்கிற எந்த ஹெச்ஆர் மிஸ் இதுக்குப் பதில் போடுவாங்க சொல்லுங்க.

மகன்கிட்ட சொல்லுங்க, ஒரு கொம்பனிக்கு ஒரு மெயில். சப்ஜெக்ட்ல வேலைட பேரும் அவர்ட பேரும், "அக்கவுன்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ்" எண்டு வேலை விளம்பரத்துல (அட்) எப்பிடி இருக்கோ அப்பிடியே. உள்ளுக்க நாலு வரி போதும்: எந்த அட்ட எங்க பார்த்தன், என்ன படிச்சன், எப்ப இருந்து வரலாம், நம்பர் இது. செர்டிபிகேட்ட போன்ல படம் எடுத்து அப்பிடியே போட்டா சிலநேரம் 25 எம்பி தாண்டிடும், தாண்டினா ஜிமெயில் அத ட்ரைவ் லிங்கா மாத்திடும், அங்க திறக்கப் போனா பெர்மிஷன் கேக்கவும் கூடும், கேட்டு நிக்க அவங்களுக்கு நேரமில்ல. ஸ்கேன் பண்ணி ஒரே பிடிஎஃப் ஆக்கட்டும், அதுக்குப் பேர் "ஃபைனல் ஃபைனல் 3" வேணாம், அவர்ட பேரே இருக்கட்டும்.

எங்கட ஆக்களுக்கு இன்னொரு கரைச்சல் இந்தப் பேர்தான். அப்பாட பேர் முன்னுக்கு, எங்கட பேர் பின்னுக்கு, ஃபோர்ம்ல ஃபேர்ஸ்ட் நேம் எண்டா எத போடுறது? அப்பாட பேரப் போட்டு, ஹெச்ஆர் கோல் எடுத்து அந்தப் பேரக் கேக்க, அப்பாவே போன எடுத்து "ஓம் நான்தான், எங்க இருந்து கதைக்கிறீங்க" எண்டு சொன்ன வீடு வெள்ளவத்தையிலயே இருக்கு. ஐடென்டிட்டி கார்ட்லயும் டிகிரி செர்டிபிகேட்லயும் இங்கிலீஷ் எழுத்து வித்தியாசமா இருந்தா அதையும் கேக்க முதலே ஒரு வரி எழுதி விடலாம், பிழையில்ல.

சீவில சிங்களம் "குட்" எண்டு போட்டிருக்கார். நல்லது, ஆனா கோல் வாறதும் சிங்களத்துலதான் வரும். அந்த நேரம் 100ஆம் நம்பர் பஸ்ல காலி வீதியில (Galle Road) நிண்டா கத்திக் கத்திக் கதைக்காம, பத்து நிமிஷத்துல நானே எடுக்கிறன் எண்டு சொல்லி இறங்கி எடுக்கட்டும். எடுக்கிற எண்டா எடுக்கணும், அதுதான் முக்கியம். வட்ஸ்அப்ல வொய்ஸ் மெசேஜ், குட் மோர்னிங் படம் எல்லாம் வேணவே வேணாம். தன்னப் பத்தி விசாரிக்கலாம் எண்டு சீவில ரெஃபரியாப் போட்ட லெக்சரர்கிட்டயும் ஒரு வார்த்தை முதல்லயே சொல்லி வைக்கட்டும்.

க்ளோசிங் டேட் முடிஞ்சு ஒரு கிழமையால அதே மெயில்லயே ஒருக்கா விசாரிக்கலாம். ஒருக்காதான்.

சம்பளத்தக் கேட்டா மரியாதை குறைஞ்சிடும் எண்டு பயப்பிடுறீங்க, நான் அப்பிடி நினைக்கல்ல. ஓஃபர் வந்த பிறகு மெயில்லயே கேக்கட்டும்: சொன்ன தொகை இபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 8 வீதம் வெட்ட முன்னமா பிறகா, கொம்பனி போடுற 12 வீதமும் ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் அதுக்கு மேலயா இல்ல அதுக்குள்ளயா எண்டு. சிலர் உள்ளுக்க சேர்த்துத்தான் பெரிய தொகையாச் சொல்லுவினம்.

இனி உங்கட பங்கு. போன கிழமை ஒரு இடத்துக்கு நீங்களே கோல் எடுத்து "மகன்ட சீவி பார்த்தீங்களா" எண்டு கேட்டதா எழுதியிருந்தீங்க. பதறுறது விளங்குது, ஆனா அங்க இருக்கிறவங்களுக்கு இந்தப் பிள்ளை தானா ஒரு கோல் எடுக்க மாட்டுது எண்டுதான் படும். நாப்பத்தோராவது மெயில அனுப்ப முதல் எனக்கு ஒருக்கா அனுப்பச் சொல்லுங்க, பார்த்துத் திருத்தித் தாறன். அவரே அனுப்பட்டும் அக்கா, நீங்க உங்கட போன்ல இருந்து அனுப்பாதீங்க.