ஜன்னலுக்கு வெளியே போஸ்டர் போலத் தெரிகிறதா?

வணக்கம். தெருப் படம் அச்சடித்த ஃப்ளெக்ஸை செட் ஜன்னலுக்கு இரண்டடி பின்னால் கட்டியிருப்பதாகவும், கேமராவில் அது போஸ்டராகவே தெரிவதாகவும் எழுதியிருந்தீர்கள். படத்தை மாற்ற வேண்டாம், முதலில் பின்னுக்குத் தள்ளுங்கள். எட்டடியாவது வேண்டும். அப்போதுதான் அது ஃபோகஸை விட்டு விலகும், அறை ஆட்களின் நிழலும் அதில் விழாது. ஃப்ளெக்ஸ் பளபளக்கும், அதனால் அதற்கான விளக்குகளைப் பக்கவாட்டில் வையுங்கள்.

அடுத்தது வெளிச்சம். பகல் காட்சி என்றால் வெளிப்புறம் அறையைவிட ஒன்றரை ஸ்டாப்பாவது (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) கூடுதலாக இருக்கட்டும். படத்தில் எல்லாமே தெளிவாகத் தெரிந்தால் கண் நம்பாது.

கேமரா நகரும் ஷாட் இருக்கிறதா? அப்படியானால் ஜன்னலுக்கும் படத்துக்கும் நடுவே நிஜமான பொருள் ஒன்று கட்டாயம் வேண்டும். ஒரு வேப்பங்கிளை போதும். கேமரா நகரும்போது கிளை வேகமாகவும் பின்னணி மெதுவாகவும் நகரும், ஆழம் தானாக வந்துவிடும். கிளையில் தூண்டில் நரம்பைக் கட்டி ஒருவர் லேசாக இழுத்தால் காற்றடிப்பது போலவே இருக்கும், உண்மையிலேயே அருமையாக வரும்.

அப்புறம், படத்தின் தொடுவானம் லென்ஸ் உயரத்துக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃப்ளெக்ஸை ஏற்றி இறக்கிக் கட்டுங்கள்.